தோட்டத்தில் ஒரு சதுப்பு

சேற்றுக் காலோடு உள்ளே வராதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கத்தியவள் நான். கடைசியில் அதே சேற்றை வண்டி வைத்து வீட்டுக்கு வரவழைத்தவளும் நான்தான். யாரிடமாவது சொன்னால், புருஷனுக்குப் புத்தி பேதலித்தது போதாதென்று இவளுக்கும் பேதலித்துவிட்டது என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன?

என் வீட்டுக்காரர் சதுப்பில் புல் நட்டவர். ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்று வெளியில், கரை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க உப்புப்புல் நடும் வேலை. அந்தப் புல்லுக்குப் புத்தகத்தில் நீளமாக ஏதோ பெயர் இருக்கிறதாம். நடுகிறவர்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் கூலியாளாகச் சேர்ந்தார், பிறகு ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி ஆனார். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குக் கிளம்புவார்கள், இவர் தண்ணீரைப் பார்த்துக் கிளம்புவார். தண்ணீர் வற்றும் நேரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகும். ஒரு வாரம் விடியற்காலையில் வேலை என்றால் அடுத்த வாரம் மத்தியானத்தில் வேலை. கண்ட நேரத்தில் எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுத்தே என் பாதி ஆயுள் போனது என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடி, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அப்புறம் பெற்ற மகளின் பெயர். இது கூடத்தான் செய்யும், குறையாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். கொஞ்சம் பதமாகச் சொன்னால் அவர் வாய் தேய்ந்தா போய்விடும்? சரி, மறதியைக்கூடச் சமாளித்துவிடலாம். மனுஷன் வீட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். அதுதான் என்னைச் சாய்த்தது.

ஒரு நாள் பல் தேய்க்கும்போதே காணோம். இன்னொரு நாள் சாப்பிட்டுக் கை கழுவப் போனவரைக் காணோம். எப்போது போவார் என்று சொல்லவே முடியவில்லை என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. அவர் தண்ணீர் வற்றும் நேரத்துக்குத்தான் போனார். மகள் பெயர் மறந்துபோன மண்டைக்குள் அந்தக் கணக்கு மட்டும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். இடுப்பு வரை சேற்றில் புதைந்து நின்றவரை, தண்ணீர் ஏறுவதற்குள், அவரோடு வேலை பார்த்த படகுக்காரர்தான் பார்த்து இழுத்துப் போட்டார். மகள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் உன் பேச்சைக் கேக்க மாட்டேன்மா. முதியோர் இல்லத்துல சேத்துடுவேன். அங்க கேட்டுக்குப் பூட்டு இருக்கு, பாத்துக்க ஆளு இருக்கு."

"ஏன், இங்க நான் இல்லையா?"

"நீ இருந்துதானே இடுப்பளவு சேத்துல நின்னாரு?"

நறுக்கென்று கேட்டாள். என் வயிற்றில் பிறந்தவள், வாய் மட்டும் வேறு யாருடையதாக இருக்கும்? அந்த இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருக்கும், பினாயில் வாசனை வீசும், வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கவா நான் இவரைக் கட்டிக்கொண்டேன்?

வாசலைப் பூட்டிப் பார்த்தேன். தண்ணீர் வற்றும் நேரம் வந்ததும் கதவைத் தட்டினார், அப்புறம் குத்தினார். கை வீங்கிப்போனது. "ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, தண்ணி ஏறிடும், கதவைத் தெறடி" என்று கெஞ்சினார். அந்தக் கையைப் பிடித்து ஒத்தடம் கொடுக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவரைச் சதுப்புக்குப் போகாமல் தடுக்க முடியாது. சதுப்பை இங்கே கொண்டுவந்துவிட்டால்?

படகுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணி, ஜனங்க தோட்டத்துல ரோஜாச் செடி வெப்பாங்க."

"ரோஜாவைப் பாத்துக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுல இருப்பாரா? கேட்டதைக் கொண்டு வாங்க, வியாக்கியானம் வேண்டாம்."

தோட்டத்தில் பாதியை வெட்டி இடுப்பாழத்துக்குப் பள்ளம் எடுத்தோம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடாமல் அடியிலும் பக்கத்திலும் கனமான தார்ப்பாய் விரித்தோம். சின்ன லாரியில் சதுப்புச் சேறும், வேரும் மண்ணுமாகப் பெயர்த்துச் சாக்கில் சுற்றிய புல் கட்டைகளும் வந்தன. சேற்றைக் கொட்டியதும் அழுகின முட்டை நாற்றம் தெருவுக்கே பரவியது. பின்வீட்டு டெய்லர் மூக்கைப் பொத்திக்கொண்டு மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, செப்டிக் டேங்க் உடைஞ்சிடுச்சா?" என்றார். "ஆமா, உங்க வீட்டுதுதான் இந்தப் பக்கம் வழியுது" என்றேன். அதற்கப்புறம் அந்தத் தலை மதிலுக்கு மேலே வரவில்லை.

அவரைக் கூட்டி வந்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் சேற்றையே பார்த்தார். மூக்கை விரித்து அந்த நாற்றத்தை இழுத்தார். பிறகு எழுந்தார், பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டினார், நாங்கள் தாறுமாறாக நட்டு வைத்திருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். படகுக்காரர் பதறினார், நான் கையைக் காட்டி அடக்கினேன். அவர் குனிந்து குழி பறித்து, கட்டையை வைத்து, குதிகாலால் அழுத்தி, ஒரே ஒரு புல் தாளைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். தாள் அறுந்தது, கட்டை அசையவில்லை. அடுத்ததற்கு நகர்ந்தார். காலையில் சட்டைப் பித்தானை எந்த ஓட்டையில் போடுவது என்று தெரியாமல் நின்றவர்! உள்ளே போய் டீ போடுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவர் எங்கும் ஓடவில்லை. தண்ணீர் வற்றும் நேரம் வந்தால் தோட்டத்துக்குப் போவார். நடுவார், களை பிடுங்குவார், நட்டதையே பிடுங்கி மறுபடி நடுவார். அந்தி சாய்கிற வரைக்கும் அங்கேதான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சமைப்பேன். ஆனால் ஒரு மாதம் போனதும் புல்லின் நுனி பழுத்துக் கருக ஆரம்பித்தது. புல் செத்தால் இவர் நாளைக்கே நிஜச் சதுப்புக்குக் கிளம்பிவிடுவார், மகள் பெட்டியைக் கட்டிவிடுவாள். போதவில்லையோ என்று இன்னும் இரண்டு கை உப்பை அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஆமாம், தினமும் உப்புத் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். பெயரே உப்புப்புல், வேறென்ன ஊற்றுவார்கள்?

அவர் ஒரு தாளைக் கிள்ளினார். அதன் மேல் பொடிப்பொடியாக உப்புப் பூத்திருந்தது. நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"யாரு இதுல உப்பைக் கொட்டினது?"

"நான்தான்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "புதுசா சேந்தீங்களா?" என்றார்.

என்னை அவர் நீங்க என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இது உப்பைத் தாங்கும்மா. தாங்குதுங்கறதுக்காகக் கொட்டிக்கிட்டே இருப்பீங்களா? அங்க உப்புத் தண்ணி வந்தா, திரும்பிப் போகும்போது கழுவிட்டுப் போயிடும். இங்க எங்க போகும்? எல்லாம் வேர்ல உக்காந்துக்கும். நல்ல தண்ணியே ஊத்துங்க. களை வந்தா மட்டும் கொஞ்சம் உப்புத் தண்ணி தெளிங்க. களை செத்துடும், இது நிக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல விடுங்க, புதுசுல எல்லாரும் பண்றதுதான்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். தார்ப்பாயில் ஓரத்தில் ஓட்டை போட்டு, நல்ல தண்ணீரை விட்டு விட்டு வடித்தேன். பத்துப் பதினைந்து நாளில் அடியிலிருந்து பச்சையாகத் துளிர் வந்தது. புல் பிழைத்துவிட்டது. சந்தோஷப்படத்தானே வேண்டும்? எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷனுக்குப் புல் ஞாபகம் இருக்கிறது, அதன் வேர் ஞாபகம் இருக்கிறது, களைக்கு மருந்து ஞாபகம் இருக்கிறது. நான் புதிதாகச் சேர்ந்த கூலியாள்.

ஆனாலும் வீட்டுக்குள் வந்துவிட்டால் நான் அவர் பெண்டாட்டிதான். அதில் குறை இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று முகம் சுளிப்பார், தலையணையை நான்தான் இழுத்துக்கொண்டேன் என்று சண்டைக்கு வருவார். தோட்டத்தில் மட்டும்தான் நான் வேற்றாள். சரி, பகலில் வேற்றாளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மகள் வந்தாள். இடுப்புயரத்துக்கு வளர்ந்து காற்றில் சலசலக்கும் புல்லையும், அதன் நடுவில் குனிந்து நிற்கும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். "பூட்டுகூடப் போடறதில்லையாம்மா?" என்றாள். "எதுக்குப் பூட்டு? உங்கப்பா என்ன திருடனா?" என்றேன். இல்லத்தைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே கும்மாளம். அந்தக் கும்மாளம் அவள் பஸ் ஏறிய மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான்.

அன்று வேலையை முடித்துவிட்டுக் குழாயடியில் கை கால் கழுவினார். எப்போதும் நான் தோளைப் பிடித்துச் சமையலறைக் கதவு வழியாகக் கூட்டி வந்துவிடுவேன். அன்று தோளை விலக்கிக்கொண்டார்.

"அப்ப நான் கிளம்பறேங்க."

"எங்க கிளம்பறீங்க?"

"வீட்டுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதாங்க வீடு. அதோ பாருங்க, நம்ம சமையலறை ஜன்னல்."

ஜன்னலைப் பார்த்தார். "யார் வீடோ தெரியலையே. இது சதுப்பும்மா, இங்க எப்படி என் வீடு இருக்கும்? என் வீட்டுக்காரி பாத்துக்கிட்டே இருப்பா, நேரமாச்சு." கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "விடுங்கம்மா, அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய் நுழையறதா?" என்று உதறிக்கொண்டு தோட்டத்துக் கேட்டைத் திறந்து போயே போய்விட்டார்.

சதுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சதுப்பு இங்கே வந்ததும் வீடு வேறெங்கோ போய்விட்டது. பாவி, எனக்கு இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? புல்லைப் பிடுங்கிப் போட்டால் தண்ணீர் வற்றும் நேரத்துக்கு ஓடுவார். விட்டு வைத்தால் சாயங்காலம் ஓடுவார். செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். சந்து முனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நானும் அந்தப் பக்கந்தான் போறேன். வாங்க, சேந்தே போகலாம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. சந்து வழியாகச் சுற்றி, சைக்கிள் கடையைத் தாண்டி, முன் தெருவுக்கு வந்தோம். எங்கள் வாசலைப் பார்த்ததும், "இதோ, வந்தாச்சு" என்று விறுவிறுவென்று படி ஏறினார். நானும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். உள்ளே போய்த் திரும்பியவர் என்னைப் பார்த்து, "இந்தா, டீ போடு" என்றார். அவ்வளவுதான், நான் மறுபடியும் பெண்டாட்டி.

அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் சாயங்காலம் என் வீட்டிலிருந்து என் வீட்டுக்குத் தெருவைச் சுற்றி நடந்தேன். மகளிடம் மூச்சு விடவில்லை. அப்பா தினமும் வெளியே கிளம்புகிறார் என்று தெரிந்தால் அவள் விடுவாளா? முழங்கால் கெஞ்சியது, மழையில் நனைந்தேன், ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த நடைக்காகவே நான் காத்திருக்க ஆரம்பித்தேன். ஏனென்றால் அவர் பேசினார். கல்யாணமானதிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன மனுஷன், யாரோ ஒரு பொம்பளையிடம் வழி முழுக்கப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரி எப்படி?" என்று ஒரு நாள் வாயைக் கிளறினேன்.

"அவளா? வாயைத் தெறந்தா தெரு முழுக்கக் கேக்கும்."

அடப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆனா அவ கத்தலைன்னா எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காதுங்க." சைக்கிள் கடையைத் தாண்டினோம். "ஒரு தடவை சேத்துல கால் மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறிக்கிட்டே வருது. அப்ப பயமே இல்லைங்க. நான் போயிட்டா அவ யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவான்னுதான் அழுகை அழுகையா வந்துச்சு."

"இதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லணுமா என்ன? அவளுக்கே தெரியும்."

"தெரியாதுங்க" என்றேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றேன்.

போன வாரம் வானம் மூடிக்கொண்டு இருட்டிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம். வழக்கம்போல வாசலுக்கு வந்தோம். அவர் படி ஏறினார், நானும் ஏறினேன். கதவில் கை வைத்தவர் சட்டென்று திரும்பிக் குறுக்கே நின்றார்.

"சரிங்க, நான் வரேன். இருட்டப் போகுது, நீங்களும் பாத்துப் போங்க."

"இல்ல, நானும் உள்ள..."

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வீட்டுக்காரி தனியா இருக்கா. சொல்லாம கொள்ளாம யாரையாவது கூட்டிக்கிட்டுப் போனா அவளுக்குச் சங்கடமா இருக்கும்." என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"இந்தா, வந்துட்டேன்" என்றார் உள்ளே. பதிலுக்கு நின்றார் போலிருக்கிறது. பிறகு செருப்பை விடும் சத்தம். "இந்தா!" சமையலறையில் ஏதோ தட்டு விழுந்தது. படுக்கையறைக் கதவு திறந்தது, குளியலறைக் கதவு திறந்தது. "எங்க இருக்கே? இந்தா, எங்க போயிட்டே?" குரல் உடைய ஆரம்பித்தது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். கையை ஓங்கினேன், தட்டவில்லை. தட்டினால் திறப்பார். திறந்தால் சதுப்பிலிருந்து கூட வந்தவள்தானே நிற்பாள்? அவர் தேடுகிறவள் நிற்கமாட்டாளே.

ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேனோ தெரியாது. சைக்கிள் கடை, சந்து, தோட்டத்துக் கேட்டு. பாதையைச் சுற்றிப் போக நேரமில்லை. புல்லுக்குள் இறங்கி, சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கிப் பிடுங்கி, தாள்கள் முகத்தில் அறைய, சமையலறைக் கதவில் போய் விழுந்தேன்.

கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி போயிருந்தே? உயிரே போயிடுச்சு எனக்கு."

"துணி எடுக்கத் தோட்டத்துக்குப் போனேங்க. இங்கதான் இருக்கேன், எங்க போகப் போறேன்?"

அவர் மூச்சு அடங்கும் வரைக்கும் கையை விடவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரப் போனவர் எதையோ நினைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"இந்தா, வாசல்ல ஒரு அம்மாவை விட்டுட்டு வந்துட்டேன்."

"யாரு?"

"எங்ககூட வேலை செய்யறவங்க. துணைக்கு இவ்வளவு தூரம் வந்தாங்க. அவங்களுக்கு யாரும் இல்ல போல இருக்கு, பாவம். கதவைச் சாத்தினப்ப அவங்க மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிடுச்சு. போய் உள்ள கூப்பிடு. ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போகட்டும்."

"அவங்க போயிருப்பாங்க. நீங்க உக்காருங்க."

"போய்ப் பாருன்னா பாரேன்" என்றார். உட்காரவே மாட்டேன் என்று நின்றார்.

போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன். தெருவில் தூற ஆரம்பித்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் படியில் யாரும் இல்லை.

"அம்மா" என்றேன்.

"சத்தமா கூப்பிடு" என்றார் உள்ளேயிருந்து. "உனக்கா குரல் இல்ல?"

தெரு முழுக்கக் கேட்கிற என் குரல் அன்றைக்கு வரமாட்டேன் என்றது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்கம்மா!" என்று கத்தினேன். "ஏன் வெளியிலேயே நிக்கறீங்க? உள்ள வாங்க!" சைக்கிள் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"வரலைங்க. போயிட்டாங்க."

"சரி விடு" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கு வருவாங்க. தினமும் வர்றவங்கதான்."